இடமில்லை, இருந்தாலும் வாங்கியாச்சு

செடி வாங்குவதை ஒரு வியாதி மாதிரிப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. எங்கள் வாட்ஸாப் குழுவில் அடிக்கடி யாராவது ஒருவர் "இந்த மாசம் இதோட நிறுத்திக்கிறேன்" என்று போடுவார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் புதிதாக விரிந்த இலையைப் படம் பிடித்துப் போடுவார். முதலாமவரே வந்து "விலை என்ன, கூரியர் உண்டா?" என்று கேட்பார். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும். வெளிநாட்டுச் செடிகளின் விலையில் பாதி, ஊரில் எல்லோர் வீட்டுக்கும் வருவதற்கு முன்னால் நம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்கிற அவசரத்துக்கான கூலி. அந்தப் பாதிக்கு நான் காசு கொடுப்பதில்லை. மீதிப் பாதிக்கு மனசு வந்தால் தாராளமாகக் கொடுப்பேன்.

அவசரத்தின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் 2021 ஜூனில் நியூசிலாந்தில் நடந்த இணைய ஏலத்தைப் பார்க்கலாம். ராஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா என்றொரு கொடி. குட்டி மான்ஸ்டெரா என்று நம் நர்சரிகளில் விற்பது இதைத்தான். அதில் வெள்ளை வரியோடிய ஒரு செடி, மொத்தம் ஒன்பது இலை, 27,100 நியூசிலாந்து டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் நம் காசுக்குச் சுமார் 14 லட்சம். அதற்கு முந்தைய வருடம் அதே நாட்டில் நாலு இலைச் செடி ஒன்று 8,150 டாலருக்குப் போய்ச் செய்தியாகியிருந்தது. அது கொரோனா காலம், எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். போதாததற்கு, வெளிநாட்டிலிருந்து செடி கொண்டுவருவதில் உலகத்திலேயே கெடுபிடியான நாடுகளில் நியூசிலாந்தும் ஒன்று. உள்ளே இருப்பதுதான் இருப்பு. விலை ஏறாமல் என்ன செய்யும்?

அந்த வெள்ளை வரி என்ன என்று கிட்டத்தில் போய்ப் பார்த்தால் கொஞ்சம் பரிதாபமாக இருக்கும். வெள்ளையாக இருக்கும் இடத்தில் பச்சையம் இல்லை. அந்தப் பகுதி தனக்கு வேண்டிய சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாது. பக்கத்துப் பச்சைதான் போட வேண்டும். அதனால் செடி மெதுவாக வளர்கிறது, வெயில் கொஞ்சம் கூடினாலும் வெள்ளைதான் முதலில் காய்ந்து பழுப்பாகிறது. ஓட்டை ஓட்டையாகப் பெரிய இலை விடும் மான்ஸ்டெராவில், ஆல்போ என்கிற வெள்ளைத் திட்டு ரகத்தை வாங்குகிறவர்கள் இலையைப் பார்த்து மயங்குவார்கள். பார்க்க வேண்டியது தண்டை. கணுவை ஒட்டி, தண்டின் பச்சைத் தோலில் வெள்ளைக் கோடு பிசிறு பிசிறாக ஓட வேண்டும். தண்டு முழுப் பச்சையாக இருந்தால் அடுத்து வருகிற இலைகளும் பெரும்பாலும் பச்சை. தண்டு முழு வெள்ளை என்றால் வருகிற இலை பளிங்கு மாதிரி அழகாக இருக்கும், சில மாதத்தில் செடியே போய்ச்சேரும். இலையே இல்லாமல் வெறும் கணுவை மட்டும் வெட்டி, ஈரப் பாசியில் சுற்றி, ஆயிரக்கணக்கில் விற்கிற வியாபாரமும் நடக்கிறது. கணுவும் அதிலிருக்கும் மொட்டும் உயிரோடு இருந்தால் முளைக்கும், சரிதான். ஆனால் அது எப்படிப்பட்ட இலை விடும் என்பதற்கு விற்கிறவர் உட்பட யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இந்த மாதிரிச் செடிகளின் விலை எப்போது சரியும் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டாம். ஆய்வகத்தில் திசு வளர்ப்புக்கு அது ஒத்துவருமா என்று பார்த்தால் போதும். தண்டின் நுனியிலிருந்து துளியூண்டு திசுவை எடுத்து, அகர் என்கிற கடற்பாசிக் கூழ் ஊற்றிய பாட்டிலில் வைத்து, பக்கக் கிளை விடத் தூண்டும் ஹார்மோனைக் கொடுத்தால், ஒன்று பலவாகும், பல ஆயிரமாகும். கிரீம் நிறப் புள்ளி தெளித்த 'தாய் கான்ஸ்டலேஷன்' என்கிற மான்ஸ்டெரா இப்படித் தாய்லாந்து ஆய்வகத்திலேயே பிறந்த ரகம். பாட்டிலில் எத்தனை முறை பெருக்கினாலும் புள்ளி பெரும்பாலும் மாறாது. அதனால்தான் ஒரு காலத்தில் ஐந்து இலக்கத்தில் விலை சொன்னவர்கள் இன்று ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கன்று தருகிறார்கள். ஆல்போ அப்படியில்லை. அதில் பச்சைத் திசுவும் வெள்ளைத் திசுவும் ஒரே செடிக்குள் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. பாட்டிலுக்குள் போனால் தனித்தனியாகப் பிரிந்துவிடுவது வழக்கம். அதனால் அது நெடுநாள் கட்டிங் போட்டுத்தான் பெருகியது, விலையும் மெதுவாகத்தான் இறங்கியது.

இந்தோனேசியாவில் 2007 வாக்கில் ஆந்தூரியம் இலைச்செடிகளுக்கு இப்படித்தான் பைத்தியம் பிடித்தது. காரையும் பைக்கையும் விற்றுச் செடி வாங்கினார்கள் என்று சொல்வார்கள். அப்புறம் எல்லோரும் விதை போட்டு வளர்க்க ஆரம்பித்தார்கள், விலை தரையில் விழுந்தது. அதே நாட்டிலிருந்துதான் கிரெக் ஹம்பாலி என்கிற தாவர ஆய்வாளர், வீட்டுக்குள் வைக்கும் இலைச்செடியான அக்லோனிமாவில் சிவப்பைக் கொடுத்தார். 1980களில் அவர் உருவாக்கிய 'சுமத்ராவின் பெருமை' என்ற கலப்பினம் வருவதற்கு முன்னால், அக்லோனிமா என்றால் பச்சையும் வெள்ளிச் சாம்பலும்தான். இன்று கோயம்புத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில்கூட சிவப்பு அக்லோனிமா விற்கிறது. "அக்கா, தாய்லாந்து இறக்குமதிங்க, நேத்துத்தான் வந்துச்சு" என்பார்கள். இறக்கிய லாரியின் நம்பர் பிளேட் ஆந்திராவாக இருக்கும். ராஜமுந்திரி பக்கத்தில் கடியம் என்கிற ஊரைச் சுற்றி மைல்கணக்கில் நர்சரிகள். இந்தியாவில் பாதி ஊருக்கு அங்கிருந்துதான் செடி போகிறது. கடியத்துச் செடியில் எந்தக் குறையும் கிடையாது. நம் வெயிலில் கொஞ்சம் பழகி வந்திருக்கும், அது லாபம். தாய்லாந்து விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

மோசடியும் உண்டு. கொஞ்ச வருடங்களுக்கு முன் பிங்க் காங்கோ என்றொரு ஃபிலோடென்ட்ரான், அதாவது அழகு இலைச்செடி, வந்தது. அடர் பச்சை இலைகளுக்கு நடுவே நாலைந்து இலை அப்படியே ரோஸ் மில்க் நிறம். வாங்கினவர்கள் வீட்டில் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் புது இலைகள் எல்லாம் பச்சையாக வர ஆரம்பித்தன. அந்த நிறம் செடியோடு பிறந்ததில்லை, வேதிப்பொருள் கொடுத்து வரவழைத்தது. பிங்க் பிரின்சஸ் என்பது வேறு, அது உண்மையாகவே பிங்க் திட்டு விடும் ரகம். பெயர் கிட்டத்தில் இருப்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பினார்கள். நீல ரோஜா விதை, வானவில் நிற ரோஜா விதை என்று பாக்கெட்டில் வருவதைப் பற்றி எழுதக்கூட வேண்டாம்.

சரி, செடி அசல், விலையும் நியாயம். நம் ஊரில் நிற்குமா? கோயம்புத்தூரைக் குளுகுளு ஊர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் இங்கே மொட்டைமாடியில் நின்று பார்த்தால் தெரியும். காற்றில் ஈரமே இருக்காது. மழைக்காட்டில் மரத்தடியில் வளர்ந்த பரம்பரை, இலை ஓரம் கருகி அப்பளம் மாதிரி நொறுங்கும். அப்புறம் ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து தொட்டிகளை உருட்டிவிடும். இதற்கு நடுவில் தண்ணீர்ப் பிரச்சினை. போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். கோலம் போட்ட மாதிரி இலை விடும் கலேத்தியா, வெல்வெட் இலை ஆந்தூரியம் இரண்டுக்கும் அது ஆகவே ஆகாது, இலை நுனியில் ஆரம்பித்து உள்ளே உள்ளே காயும். ஆகவே என் மாடியில் கலேத்தியாவுக்குச் சிறுவாணித் தண்ணீர். குடிக்கிற தண்ணீரை எடுத்து ஊற்றுவதைப் பார்த்து அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"ஏங்கண்ணு, இந்த எலைக்கா ஆயிரம் ரூவா? கீரை வெதச்சிருந்தாலும் கொழம்புக்கு ஆயிருக்கும்."

அம்மாவுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே செடி என்னிடம் ஜேட் கொடிதான். பிலிப்பைன்ஸ் காட்டுக்கொடி, அவரை குடும்பம். அம்மாவுக்கு இந்தச் சொந்தம் ரொம்பத் திருப்தி. வெளிநாட்டுச் செடி ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் இதைச் சொல்வேன். பூ பூத்துப் பார்த்திராதவர்களுக்கு அந்த நிறத்தை விளக்குவது கஷ்டம். பச்சையும் நீலமும் கலந்து, மேலே லேசாக மெழுகு பூசினது போல ஒரு பளபளப்பு. ஒவ்வொரு பூவும் கொக்கி மாதிரி, புலிநகம் மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். அப்படி ஐம்பது அறுபது பூ, ஒரே காம்பில் சரம் சரமாகத் தொங்கும். கீழே விழுந்த பூவை எடுத்து மேஜையில் வைத்தால் காயக் காய ஊதாவாக மாறும்.

இந்த நிறம் எப்படி வருகிறது என்று ஜப்பானியர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். மால்வின் என்ற ஊதா நிறமியும், சாப்போனரின் என்ற நிறமில்லாத இன்னொரு பொருளும் சேர்ந்து இருப்பதுதான் காரணம். சேர்ந்தால் மட்டும் போதாது. பெரும்பாலான பூக்களில் இதழின் சாறு புளிப்புப் பக்கம் இருக்கும். ஜேட் கொடியில் இதழின் மேல்தோல் செல்களில் மட்டும் அது காரப் பக்கம் சாய்ந்து, புளிப்பையும் காரத்தையும் அளக்கிற pH கணக்கில் 7.9 வரை போகிறது. உள்ளே உள்ள செல்களில் வழக்கமான புளிப்புதான். தோலுக்குள் மட்டும் ஒரு தனி ரசாயனம். சொந்த ஊரில் இதற்கு மகரந்தம் கொண்டுபோவது வௌவால். அந்தி மங்கின வெளிச்சத்திலும் இந்த நிறம் தனியாகத் தெரியும். இங்கே அந்த வௌவால் இல்லாததால் காய் பிடிப்பதில்லை, கட்டிங்கும் பதியனும்தான் வழி. விலை சில நூறு ரூபாய். ஆனால் பந்தலுக்கு ஆயிரக்கணக்கில் ஆகும், அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். புடலைக்குப் போட்ட மூங்கில் பந்தல் தாங்காது. தண்டு கட்டையாகி, கைப்பருமன் ஆகும். இரும்புக் குழாயில் போடுங்கள், அடியில் நடந்து போகிற உயரம் விட்டுப் போடுங்கள். முதல் இரண்டு மூன்று வருடம் வெறும் இலைதான். கேரளத்தில் வீட்டு வாசலில் வளைவு கட்டி இதை ஏற்றியிருப்பார்கள். திருச்சூர் மண்ணுத்தி நர்சரிகளில் நல்ல வேர் பிடித்த கன்று கிடைக்கும். நம் பக்கம் கோடையில் வேரடியில் தேங்காய் மட்டையைப் பரப்பிவிட்டால் தாக்குப்பிடிக்கிறது.

பழமரத்துக்கு வருவோம். இங்கே அவசரத்தோடு கதையும் சேர்ந்து விற்கிறது. மியாசாகி மாம்பழம். 2019-ல் ஜப்பானில் ஒரு ஜோடி 5 லட்சம் யென்னுக்கு ஏலம் போனது. 2021-ல் ஜபல்பூரில் இரண்டு மரத்துக்குக் காவலாளும் நாயும் வைத்த தம்பதி எல்லா டிவியிலும் வந்தார்கள். அன்றிலிருந்து நம் நர்சரிகளில் மியாசாகிக் கன்றுக்குத் தனி விலை. விஷயம் என்னவென்றால், மியாசாகி என்பது ஊர்ப்பெயர், மாகாணம். அங்கே வளர்க்கிற ரகத்தின் பெயர் இர்வின். பசுமைக்குடிலில் வளர்த்து, ஒவ்வொரு காய்க்கும் வலைப்பை கட்டி, தானாகக் காம்பு கழன்று வலையில் விழும் வரை காத்திருந்து, 350 கிராமுக்குக் குறையாமல், சர்க்கரை 15 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் 'சூரிய முட்டை' என்ற முத்திரை கிடைக்கும். லட்ச ரூபாய் விலை அந்த முத்திரைக்கும் ஏல வீம்புக்கும். கன்றோடு அது கூரியரில் வராது.

இர்வின் எங்கே பிறந்தது என்றால் ஃபுளோரிடாவில். 1939-ல் நட்ட விதை, 1945-ல் முதல் காய். அதன் தாய் லிப்பன்ஸ் என்ற ரகம், லிப்பன்ஸின் தாய் ஹேடன், ஹேடனின் தாய் 1889-ல் இந்தியாவிலிருந்து அமெரிக்க வேளாண் துறை வரவழைத்த மல்கோபா. அதாவது நம் நாட்டிலிருந்து போன ஒரு மாவின் கொள்ளுப்பேத்தி, ஜப்பானில் சிவப்பாகிக் கிரீடம் சூடி, கன்றுக்குப் பல மடங்கு விலையோடு திரும்பி வந்திருக்கிறாள். பார்க்க அழகி, நார் கிடையாது, இனிப்பும் பரவாயில்லை. இமாம் பசந்த் காய்க்கிற மண்ணில் இருந்துகொண்டு அதற்காக நான் இடம் ஒதுக்க மாட்டேன். சிவப்புத்தான் வேண்டும் என்றால் 'இர்வின்' என்று கேட்டு வாங்குங்கள், விலையிலேயே வித்தியாசம் தெரியும்.

ரம்புட்டானில் ஒரே ஒரு எச்சரிக்கை: விதையில் முளைத்த கன்று ஆண் மரமாகப் போக நிறைய வாய்ப்பு, வருடக்கணக்கில் வளர்த்த பிறகுதான் தெரியும். என்-18 என்கிற ரகம் மாதிரி மொட்டு ஒட்டுக் கட்டிய கன்றாக வாங்குங்கள்.

கதை எதிர்ப்பக்கமாகவும் ஓடுகிறது. இங்கிலாந்தில் வெப்பமண்டலத் தோட்டம் போடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. கிறிஸ்டோஃபர் லாயிட் என்கிற தோட்டக்கலை எழுத்தாளர் தன்னுடைய கிரேட் டிக்ஸ்டர் வீட்டில் பழைய ரோஜாத் தோட்டத்தை 1993-ல் பிடுங்கிப் போட்டுவிட்டு வாழையும் கல்வாழையும் வைத்தார், அங்கே அது பெரிய விவாதமானது. அவர்கள் ஆசை ஆசையாகக் காசு கொடுத்து வாங்குவது என்னவென்று பார்த்தால் கல்வாழை, சேம்பு, செவ்வாமணக்கு, செங்காந்தள். செங்காந்தள் கிழங்கைக் குளிர்காலத்தில் தோண்டி எடுத்து உள்ளே பத்திரப்படுத்தி வைக்கிறார்கள். இங்கே மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் அதை ஏக்கர்கணக்கில் கம்பியில் ஏற்றி, மருந்துக் கம்பெனிக்கு விதை எடுக்கிறார்கள். மாடித்தோட்டக்காரர்கள் யாரும் செங்காந்தள் படம் போட்டு நான் பார்த்ததில்லை. போட்டால் முதல் ஆளாக நான் லைக் போடுவேன்.

பாங்காக் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சதுசக் சந்தையில் புதன், வியாழன் செடி நாள். பார்க்கப் போகலாம், தலை சுற்றும். ஆனால் மண்ணைக் கழுவி, துணிக்குள் சுருட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். 2003-ஆம் வருட தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் ஒரு கட்டிங்கூடக் கொண்டுவர முடியாது. சட்டம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மாவுப்பூச்சி ஒன்றிரண்டு வேர் இடுக்கில் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும். பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் 2008-ல் முதன்முதலில் தென்பட்டது இதே கோயம்புத்தூரில்தான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெளுத்துவிட்டு, அதன் சொந்த நாட்டுப் பக்கமிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. கெடுதல் செய்யப் பூச்சிகூட வேண்டாம், செடியே போதும் என்பதற்கு உண்ணிச்செடி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தோட்டத்துக்கு அழகுக்காக வந்தது, இன்று முதுமலையில் யானை நடக்க வழியில்லை. அதன் தண்டை வைத்தே கூடலூர் பக்கத்துப் பழங்குடி மக்கள் நிஜ யானை அளவுக்கே யானைகள் செய்து, 2021-ல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. மஞ்சள் பூவுக்காக வந்த சென்னா ஸ்பெக்டபிலிஸ் மரங்களை இப்போது முதுமலையில் வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்புகிறார்கள். புதுச்செடி வாங்கும்போது, இது விதை விட்டுப் பரவுமா என்று நான் நர்சரிக்காரரிடம் கேட்பதுண்டு. "நல்லாப் பரவுங்க்கா, கவலையே வேண்டாம்" என்பார்.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் தொடாத பட்டியலில் காட்டிலிருந்து பிடுங்கிய ஆர்க்கிட் இருக்கிறது. நம் அகத்தியமலையில் மட்டும் வளர்கிற பாஃபியோபெடிலம் துரூரி என்ற ஆர்க்கிட்டுக்கு என்ன ஆனது என்று படித்தால் போதும். மஞ்சள் இதழ், நடுவில் பழுப்பு வரி. 1860களில் ஹீபர் துரூரி என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டெடுத்த பிறகு, சீமைச் சீமான்களுக்காக வாரிக்கொண்டு போனார்கள். அப்புறம் பல பத்தாண்டுகள் காட்டில் யார் கண்ணிலும் படவில்லை. 1970களில் மறுபடி தென்பட்டதும் மறுபடி வாரினார்கள். இன்றைக்கு மரத்துண்டில் கட்டின காட்டு ஆர்க்கிட்டை மலை ரோட்டோரத்தில் நூறு ரூபாய்க்கு விற்கிறவர்களைப் பார்க்கலாம். வேர் எல்லாம் அறுந்திருக்கும், இலையில் காட்டுப் பூச்சி அரித்த தழும்பு இருக்கும். நர்சரியில் வளர்ந்ததென்றால் வேர் தொட்டியைச் சுற்றிக் கட்டியிருக்கும்.

இந்த வருடம் நான் குறி வைத்திருப்பது மங்குஸ்தான். அதற்கு ஒட்டுக்கன்று என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். மங்குஸ்தான் விதை, மகரந்தக் கலப்பு இல்லாமலே உருவாவது. நாற்று அப்படியே தாய் மாதிரிதான் இருக்கும், ஒட்டுக்கன்று மரமோ பல நேரம் குட்டையாக நின்றுவிடும். நாற்று காய்க்க ஏழெட்டு வருடம், சில சமயம் பத்துக்கும் மேல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் பர்லியார் அரசுப் பழப்பண்ணை இருக்கிறது, 1871-லிருந்து. ஜூன், ஜூலையில் அந்த ரோட்டோரக் கடைகளில் மங்குஸ்தான் குவித்து வைத்திருப்பார்கள். பழத்தின் அடியில் பூ மாதிரி ஒரு அச்சு இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. பெரிய சுளையில்தான் தேறின விதை இருக்கும். சாப்பிட்ட கையோடு கழுவி, காயவிடாமல் ஈரத் தேங்காய் நாரில் சுற்றிக்கொண்டு வந்து அன்றைக்கோ மறுநாளோ ஊன்றிவிட வேண்டும். காய்ந்தால் முளைக்காது. உயரமான தொட்டியாக எடுங்கள், ஆணிவேர் நேராக இறங்கும், நடுவில் மாற்றி நட்டால் கோபித்துக்கொள்ளும். முதல் மூன்று வருடம் நிழல்வலைக்கு அடியிலேயே இருக்கட்டும்.